இனப்படுகொலைக்கு எது தகுந்த தண்டனை? ருவாண்டா முயன்று பார்த்த வழிகள்

1994 நவம்பர் 8. ஐ.நா. பாதுகாப்பு அவையில் 955ஆம் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையை விசாரிக்க ஒரு சர்வதேசத் தீர்ப்பாயம் அமைப்பது பற்றிய தீர்மானம். 13 நாடுகள் ஆதரித்தன. சீனா யார் பக்கமும் சேரவில்லை. எதிர்த்துக் கை தூக்கியது ஒரே ஒரு நாடு. அது ருவாண்டா.

அப்படி ஒரு தீர்ப்பாயம் வேண்டும் என்று முதலில் கேட்டதே ருவாண்டாவின் புதிய அரசுதான். பிறகு ஏன் எதிர்த்தது? பல காரணங்களைச் சொன்னது. அவற்றில் கனமானது தண்டனை பற்றியது. தீர்ப்பாயத்தின் சட்டப்படி சிறைதான் உச்சபட்சம்; தூக்கு கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. ருவாண்டாவின் சொந்தச் சட்டத்திலோ அப்போது மரண தண்டனை இருந்தது. திட்டம் தீட்டிய அமைச்சரும் தளபதியும் வெளிநாட்டுக்குத் தப்பியவர்கள்; பிடிபட்டால் சர்வதேசத் தீர்ப்பாயத்துக்குப் போவார்கள், உயிர் பிழைப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு வெட்டுக்கத்தி எடுத்த விவசாயி உள்ளூர் நீதிமன்றத்தில் நிற்பான், சுடப்படுவான். மூளைக்குச் சிறை, கைக்கு மரணம். இது என்ன நியாயம் என்று ருவாண்டாவின் தூதர் அவையிலேயே கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

சர்வதேச விசாரணை வேண்டும் என்ற கோரிக்கை தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமானதுதான். ஆனால் நம் பேச்சு பெரும்பாலும் விசாரணையோடு நின்றுவிடுகிறது. குற்றம் நிரூபணமாகிறது, சரி. அதற்குப் பிறகு? என்ன தண்டனை, எந்த நாட்டுச் சிறை, எத்தனை வருஷம், கதவைத் திறந்துவிடும் அதிகாரம் யாருக்கு? இதையெல்லாம் முன்கூட்டியே யோசிக்காத இடத்தில், நீதி கிடைத்தது என்று நினைத்தவர்கள் பத்து வருஷம் கழித்து ஏமாந்து நிற்கிறார்கள். ஒரே குற்றத்துக்கு அநேகமாக எல்லாத் தண்டனை வழிகளையும் முயன்று பார்த்த நாடு ருவாண்டா. அதனால் அதையே எடுத்துக்கொண்டு ஒப்பிடுகிறேன்.

1994 ஏப்ரல் 7 முதல் சுமார் நூறு நாள். ஐ.நா. கணக்கில் 8 லட்சம் பேருக்கு மேல், ருவாண்டா அரசின் கணக்கில் 10 லட்சத்துக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் சிறுபான்மை இனமான துட்சிகள், கொலைக்கு உடன்படாத, பெரும்பான்மை இனமான ஹூட்டுகளும் உண்டு. கொன்றவர்களில் ராணுவமும் இருந்தது, இன்டெரஹாம்வே என்ற இளைஞர் படையும் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரனும் இருந்தான். அந்தப் பக்கத்து வீட்டுக்காரன்தான் இந்த விவகாரத்தை மற்ற எல்லாப் போர்க்குற்றங்களிலிருந்தும் வேறுபடுத்துகிறவன். நூறு பேரைத் தண்டித்து முடித்துவிடக்கூடிய குற்றமாக இது இருக்கவில்லை.

முதலில் மரண தண்டனை. 1996 ஆகஸ்ட் 30இல் ருவாண்டா ஒரு சட்டம் போட்டது. குற்றவாளிகளை நான்கு வகையாகப் பிரித்தது. திட்டமிட்டவர்கள், தலைமை தாங்கியவர்கள், ஊரே அறிந்த கொலைகாரர்கள், பாலியல் சித்திரவதை செய்தவர்கள் முதல் வகை, அவர்களுக்கு மரணம். மற்ற கொலையாளிகள் இரண்டாம் வகை. ஆயுள் வரை சிறை, ஒப்புக்கொண்டால் குறையும். காயப்படுத்தியவர்கள் அடுத்து. சொத்தைச் சூறையாடியவர்கள் கடைசி.

1998 ஏப்ரல் 24இல் 22 பேரைப் பல ஊர்களில் பொதுமக்கள் முன்னிலையில் சுட்டார்கள். தலைநகர் கிகாலியில் நியாமிராம்போ பகுதியில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருக்க, கம்பங்களில் கட்டி நிறுத்திச் சுட்டார்கள். வேண்டாம் என்று போப்பாண்டவர் கேட்டுக்கொண்டும் நிறுத்தவில்லை. சுடப்பட்டவர்களில் ஒருவர் ஃப்ரோடுவால்ட் கராமிரா. ஹூட்டு தீவிரவாத அரசியலின் பெரிய குரல். இந்தியாவில் பிடிபட்டு ருவாண்டாவுக்கு அனுப்பப்பட்டவர்.

இந்த வழிக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த 22 பேருக்குப் பிறகு, சிறைக்குள் இருந்து குற்றத்தை ஒப்புக்கொள்ள முன்வந்தவர்கள் எண்ணிக்கை கூடியது. பயம் வேலை செய்தது. இதை மறைத்துவிட்டு மரண தண்டனையை எதிர்ப்பது நேர்மையாகாது. இருந்தாலும் நான் எதிர்க்கிறேன். ருவாண்டாவின் நீதிபதிகளில் பெரும்பாலோர் கொல்லப்பட்டோ நாட்டை விட்டு ஓடியோ போயிருந்த காலம் அது. அவசரப் பயிற்சி கொடுத்து உட்காரவைத்த நீதிபதிகள், பல வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீலே இல்லை, சில மணி நேரத்தில் முடிந்த விசாரணைகளும் இருந்தன. அப்படி ஒரு நீதிமன்றத்தின் கையில் திருத்த முடியாத தண்டனையைக் கொடுக்கக் கூடாது. இன்னொன்று, கராமிரா மாதிரி ஓர் ஆள் செத்தபோது அவருக்குத் தெரிந்ததும் சேர்ந்து செத்தது. யார் யார் எந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், ஆயுதம் எந்த வழியாக வந்தது என்று பிறகு அவரிடம் கேட்க முடியாது.

அந்த நாளுக்குப் பிறகு ருவாண்டா யாருக்கும் மரண தண்டனையை நிறைவேற்றவில்லை. 2007 ஜூலையில் சட்டத்திலிருந்தே நீக்கியது. இந்த நீக்கத்துக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. மரண தண்டனை இருக்கும் நாட்டுக்குச் சந்தேக நபர்களை ஒப்படைக்க ஐரோப்பிய நாடுகளும் தயாராக இல்லை, சர்வதேசத் தீர்ப்பாயமும் தயாராக இல்லை. அதை நீக்கியும் உடனே கதவு திறக்கவில்லை. தனிமைச் சிறையுடன் ஆயுள் என்று புதிதாக ஒரு தண்டனை சட்டத்தில் இருந்தது. அந்த ஆபத்தையும் சாட்சிகளின் பாதுகாப்பையும் காட்டி 2008இல் தீர்ப்பாயம் மறுபடி மறுத்தது. மாற்றி அனுப்பப்படும் வழக்குகளுக்கு அந்தத் தண்டனை பொருந்தாது என்று சட்டத்தைத் திருத்திய பிறகுதான், ஜான் உவின்கிண்டி என்ற போதகரின் வழக்கு 2012இல் கிகாலிக்கு வந்தது. 2015 டிசம்பரில் ஆயுள் விதிக்கப்பட்டது. கொல்லும் அதிகாரத்தை விட்டுக்கொடுத்த பிறகுதான் விசாரிக்கும் அதிகாரம் கைக்கு வந்தது. தேர்வு செய்யும் இடத்தில் இருக்கும் எந்த அரசும் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சர்வதேசத் தீர்ப்பாயம். தான்சானியாவில் அருஷா நகரத்தில் ஒரு மாநாட்டு மையத்தின் கட்டடத்தில் நடந்தது. 93 பேர் மீது குற்றப்பத்திரிகை, 62 பேருக்குத் தண்டனை, 14 பேர் விடுதலை. 2015 இறுதியில் மூடப்படும்வரை ஆன செலவு சுமார் 200 கோடி டாலர்.

எண்களைப் பார்த்து இது வீண் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம் அக்காயேசு வழக்கு. ஜான் பால் அக்காயேசு, டாபா என்ற ஊரின் மேயர், முன்னாள் ஆசிரியர். அவர் மீதான முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை என்ற வார்த்தையே இல்லை. விசாரணையின் நடுவில், சாட்சி சொல்ல வந்த பெண்கள் அதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், பஸ் ஓட்டுநரின் மகள். ஐ.நா. மனித உரிமை ஆணையராக 2013இல் இலங்கைக்கு வந்தவர் என்று நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். அதற்குப் பல வருஷம் முன்பு அவர் செய்த வேலை இது. அந்தப் பெண்கள் பேசப் பேச, அவர் கேள்வி கேட்டுக் கேட்டு அதைப் பதிவில் கொண்டுவந்தார். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2இல் வந்த தீர்ப்பு, ஒரு சர்வதேச நீதிமன்றம் இனப்படுகொலைக்காகக் கொடுத்த முதல் தண்டனைத் தீர்ப்பு. வன்புணர்வும் இனப்படுகொலையின் வடிவமாக இருக்க முடியும் என்று முதன்முதலில் சொன்ன தீர்ப்பும் அதுவே. அடுத்த மாதம் ஆயுள் விதிக்கப்பட்டது. வக்கீல் இல்லாமல் சில மணி நேரத்தில் முடியும் விசாரணையில் இப்படி ஒரு உண்மை மேலே வந்திருக்க வழியே இல்லை.

அதே அருஷாவில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காவலில் இருந்த குற்றவாளிகளுக்கு எச்.ஐ.வி. மருந்து ஐ.நா. செலவில் கிடைத்தது. அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு ஊர் திரும்பிய பெண்களுக்கு, அந்த நோயையே இனப்படுகொலை நாட்களில் வாங்கிக்கொண்டவர்களுக்கு, வருஷக்கணக்கில் அந்த மருந்து எட்டவில்லை. கைதிக்கு மருந்து கொடுத்தது தவறில்லை. தண்டனைக்குச் செலவிடத் தெரிந்த அமைப்புக்குப் பாதிக்கப்பட்டவளுக்குச் செலவிடச் சட்டத்தில் இடமே வைக்கவில்லை என்பதுதான் தவறு. பறித்த சொத்தைத் திருப்பித் தர உத்தரவிடலாம் என்று ஒரு பிரிவு இருந்தது; இழப்பீடு என்று எவருக்கும் எதுவும் போகவில்லை.

இப்போது வருஷக் கணக்குக்கு வருவோம். ஒப்பிடுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

ஜான் கம்பண்டா, கொலை நடந்த நாட்களில் பிரதமர். 1998 மே மாதம் எல்லாக் குற்றங்களையும் ஒப்புக்கொண்டார். ஒரு நாட்டின் ஆட்சித் தலைவர் இனப்படுகொலையைத் தன் வாயால் ஒப்புக்கொண்டது அதுவே முதல் முறை. ஒப்புக்கொண்டதற்குச் சலுகை கிடைக்கும் என்று எதிர்பார்த்திருப்பார். கிடைத்தது ஆயுள். ஒப்புதலைக் கணக்கில் எடுத்தோம், நாட்டு மக்களைக் காக்க வேண்டிய பதவியில் இருந்துகொண்டு செய்த குற்றத்தின் கனம் அதை அமுக்கிவிடுகிறது என்றது நீதிமன்றம். மேல்முறையீடும் 2000இல் தள்ளுபடி ஆனது.

ஜார்ஜ் ருஜ்ஜியு, பெல்ஜியத்திலிருந்து போய், துட்சிகளைக் கொல்லத் தூண்டிய ஆர்.டி.எல்.எம். வானொலியில் பேசியவர். அவரும் ஒப்புக்கொண்டார். 2000இல் 12 வருஷம். அதே வானொலியின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் செருகெண்டோ ஒப்புக்கொண்டபோது சாகும் தறுவாயில் இருந்தார். 2006இல் 6 வருஷம் விதித்தார்கள், மூன்று மாதத்துக்குள் இறந்தார். அதனசே செரொம்பா என்ற பாதிரியார் வழக்கு நேர்மாறு. நியாங்கே தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்தவர்கள் சுமார் 1,500 பேர். கட்டடத்தைப் புல்டோசரால் இடித்துத் தள்ளினார்கள், கூரை உள்ளே இருந்தவர்கள் மேல் விழுந்தது. அந்தக் கோயிலின் பாதிரியாரே அதற்குச் சம்மதம் கொடுத்தார். முதல் நீதிமன்றம் கொடுத்தது 15 வருஷம். 1,500 உயிருக்கு 15 வருஷம் என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 2008 மார்ச்சில் மேல்முறையீட்டில் அது ஆயுள் ஆனது. ஆயுளிலிருந்து இறங்கியவர்களும் உண்டு. பாதுகாப்பு அமைச்சகத்தில் உயர் பதவியில் இருந்த கர்னல் பகோசோராவுக்கு 2008இல் ஆயுள், 2011இல் அது 35 வருஷம். குடும்ப நலம், பெண்கள் மேம்பாட்டு அமைச்சராக இருந்த நியிராமசுஹுகோ, அந்தத் தீர்ப்பாயம் தண்டித்த ஒரே பெண். 2011இல் ஆயுள், 2015இல் 47 வருஷம். வழக்கு இழுத்தடிக்கப்பட்டதும் அந்தக் குறைப்புக்கு ஒரு காரணம்.

தீர்ப்பாயத்தின் சட்டத்தில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று அட்டவணை எதுவும் இல்லை. குற்றத்தின் கனம், ஆளின் நிலைமை, ருவாண்டா நீதிமன்றங்களின் வழக்கம் ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய் என்று நீதிபதியிடம் விட்டிருந்தார்கள். ருவாண்டாவின் 1996 சட்டமோ, வழக்குத் தொடுக்கும் முன் ஒப்புக்கொண்ட இரண்டாம் வகைக் கொலையாளிக்கு 7 முதல் 11 வருஷம், தொடுத்த பின் ஒப்புக்கொண்டால் 12 முதல் 15 வருஷம் என்று முன்கூட்டியே எழுதி வைத்தது. இந்த இரண்டில் எது நல்லது என்று என்னைக் கேட்டால், சலுகை கொடுப்பதாக இருந்தால் அதன் அளவை முதலிலேயே எழுதி வைப்பதே நல்லது என்பேன். கம்பண்டாவுக்குக் கிடைத்ததைப் பார்த்த மற்ற தலைவர்கள் வாயைத் திறக்கவே தயங்கினார்கள். ஒப்புக்கொண்டாலும் ஆயுள், மறுத்தாலும் ஆயுள் என்றால் எவன் ஒப்புக்கொள்வான்? கம்பண்டாவுக்கு ஆயுள் தவறு என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு மேலே இருந்தவருக்குச் சலுகை கிடையாது என்பதைச் சட்டமே முன்னால் சொல்லியிருந்தால், கீழே இருந்தவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே போட்டிருப்பார்கள்.

ஹேகில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இதில் ஓர் அடி முன்னே போனது. அதன் அடிப்படைச் சட்டமான ரோம் சட்டப்படி 30 வருஷம்தான் சாதாரண உச்சம். அசாதாரணக் கொடுமை என்றால் மட்டும் ஆயுள். காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர்களில் போஸ்கோ ந்டகண்டாவுக்கு 30 வருஷம், லுபாங்காவுக்கு 14. சியரா லியோன் சிறப்பு நீதிமன்றத்தில் ஆயுளே கிடையாது, ஆனால் வருஷத்துக்கு உச்சவரம்பும் இல்லை. லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்ல்ஸ் டெய்லருக்கு 64 வயதில் 50 வருஷம் விதித்தார்கள்.

விதித்த வருஷத்தை விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஆயுள் என்றால் 14 வருஷம்தானே என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. சட்டப்படி அது தவறு, ஆனாலும் அந்தப் பேச்சுக்குள் ஒரு அனுபவ அறிவு இருக்கிறது: நீதிபதி சொல்லும் எண் வேறு, சிறைக் கதவு திறக்கும் நாள் வேறு.

ருஜ்ஜியுவை 2008இல் தண்டனை அனுபவிக்க இத்தாலிக்கு மாற்றினார்கள். எந்த நாட்டுச் சிறையில் இருந்தாலும், தீர்ப்பாயத்தின் தலைவர் சம்மதம் இல்லாமல் விடக்கூடாது என்பது விதி. 2009 ஏப்ரலில் இத்தாலி அவரைத் தன் உள்நாட்டு விதிப்படி முன்கூட்டியே விடுவித்துவிட்டது. அருஷாவுக்குத் தெரிவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அது விதி மீறல். விதிப்படியே நடந்தது இன்னும் வலித்தது. தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்தால் முன்விடுதலை என்பது, முன்னாள் யூகோஸ்லாவியாவின் போர்க்குற்றங்களுக்காக ஐ.நா. அமைத்த தீர்ப்பாயத்தில் வளர்ந்த வழக்கம். அருஷாவின் கைதிகளுக்கும் அதுவே வந்தது. ஆர்.டி.எல்.எம். வானொலியைத் தொடங்கியவர்களில் ஒருவரான நஹிமானாவுக்கு முதலில் ஆயுள், மேல்முறையீட்டில் 30 வருஷம். 2016இல் வெளியே வந்தார். பாதிரியார் ருகுண்டோவும் அதே காலத்தில் வந்தார். நிபந்தனை கிடையாது. தீர்ப்பாயத்தின் வேலையை ஏற்றுக்கொண்ட எஞ்சிய அமைப்பின் தலைவர், ஒரே நீதிபதி, கையெழுத்துப் போட்டால் போதும். தப்பிப் பிழைத்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே வந்தவர் இனப்படுகொலை நடக்கவே இல்லை என்று பேசினால் என்ன செய்வது என்றும் யோசிக்கவில்லை.

ருவாண்டா இதைப் பாதுகாப்பு அவைக்குக் கொண்டுபோனது. 2018 ஜூனில் 2422ஆம் தீர்மானம், முன்விடுதலைக்கு நிபந்தனை வைப்பதைப் பரிசீலிக்கச் சொன்னது. அடுத்த ஜனவரியில், அருஷாவில் தண்டிக்கப்பட்ட முன்னாள் ராணுவ அதிகாரி அலோய்ஸ் சிம்பா நிபந்தனைகளுடன் விடப்பட்டார். புதிய தலைவர் வந்த பிறகு வழக்கம் இறுகியது. பகோசோரா 2021இல் முன்விடுதலை கேட்டு மறுக்கப்பட்டார், அதே ஆண்டு செப்டம்பரில் மாலி நாட்டில் கைதியாகவே இறந்தார்.

இந்த விஷயத்தில் ரோம் சட்டம்தான் தெளிவு. சிறை வைத்திருக்கும் நாடு விடுவிக்கக் கூடாது, நீதிமன்றம் மட்டுமே குறைக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு, ஆயுளென்றால் 25 வருஷம் முடிந்த பிறகுதான் பரிசீலனை. ஒத்துழைத்தானா, சொத்து எங்கே என்று காட்டினானா, பாதிக்கப்பட்டவர்களுக்கு அதனால் பயன் உண்டா என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஒரு நாடு எந்த மாதிரியைத் தேர்ந்தெடுத்தாலும், இந்த ஒரு பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

எங்கே சிறை வைப்பது என்பதும் சின்ன விஷயமல்ல. அருஷாவில் தண்டிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மாலிக்கும் பெனினுக்கும் போனார்கள். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அந்த நாடுகள் வரைபடத்தில்கூடப் பழக்கமில்லை. தண்டனை நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. ருவாண்டா தன் ம்பாங்கா சிறையைச் சர்வதேசத் தரத்துக்கு உயர்த்தியது. சியரா லியோன் சிறப்பு நீதிமன்றம் தண்டித்தவர்களை 2009இல் அங்கே கொண்டுவந்தார்கள், 52 வருஷம் பெற்ற கிளர்ச்சித் தலைவர் ஈசா செசே உட்பட. மேற்கு ஆப்பிரிக்கக் கைதிகள் ருவாண்டாவில். ருவாண்டாக் கைதிகள் மேற்கு ஆப்பிரிக்காவில். பாதுகாப்பு காரணம் புரிகிறது. ஆனால் தண்டனையின் பாதி, பாதிக்கப்பட்ட ஊர் அதைப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

அப்படி ஊர் பார்க்க நடந்ததுதான் மூன்றாவது வழி, கச்சாச்சா.

தொண்ணூறுகளின் இறுதியில் ருவாண்டாச் சிறைகளில் 1,20,000 பேருக்கு மேல் அடைந்து கிடந்தார்கள். நின்றுகொண்டே தூங்கினார்கள். வழக்கமான நீதிமன்றம் நடக்கிற வேகத்தில் இவர்களை விசாரித்து முடிக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். அதனால் பழைய ஊர்ப் பஞ்சாயத்து முறையை எடுத்துச் சட்டமாக்கினார்கள். கச்சாச்சா என்ற பெயரே புல்தரையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 12,000க்கும் மேற்பட்ட மன்றங்கள். 2005இல் நாடு முழுக்கத் தொடங்கி, 2012 ஜூன் 18இல் மூடியபோது 19 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் முடிந்திருந்தன.

வாரத்தில் ஒரு நாள். அன்று காலை கடைகளைப் பூட்டிவிடுவார்கள், வயலுக்கு யாரும் போகமாட்டார்கள். ஒரு மரத்தடி அல்லது தகரக் கூரை. மர பெஞ்சில் ஊரே தேர்ந்தெடுத்த நீதிபதிகள், தோளில் தேசிய நிறங்களில் ஒரு பட்டை. விவசாயி, ஆசிரியை, கடைக்காரர். சட்டம் படித்தவர்கள் இல்லை. முதலில் இறந்தவர்களுக்காக எல்லோரும் எழுந்து நின்று மௌனம். அப்புறம் இளஞ்சிவப்புச் சிறைச் சட்டை போட்ட ஆள் முன்னால் வந்து நிற்பான். எதிரே புல்லில் உட்கார்ந்திருப்பவர்களில் அவன் அம்மாவும் இருப்பாள், அவன் கொன்றவரின் மனைவியும் இருப்பாள். அவன் பேசப் பேச யாராவது எழுந்து, இல்லை, அன்று நீ இந்தப் பக்கம் போகவில்லை, அந்தப் பக்கம்தான் போனாய் என்பார்கள்.

2004 சட்டப்படி, மறுத்துக் குற்றம் நிரூபணமான கொலையாளிக்கு 25 முதல் 30 வருஷம். பட்டியலில் பெயர் வருவதற்கு முன்பே தானாக ஒப்புக்கொண்டவனுக்கு 7 முதல் 12 வருஷம், அதிலும் பாதியைச் சிறைக்கு வெளியே சமூக உழைப்பாகக் கழிக்கலாம். கல் உடைத்தார்கள், சாலை போட்டார்கள், மலைச்சரிவில் படிவயல் வெட்டினார்கள், பிழைத்தவர்களுக்கு வீடு கட்டினார்கள். ஆனால் எது ஒப்புதல் என்பதற்குச் சட்டம் கறாரான அளவு வைத்தது. என்ன செய்தாய், எங்கே, எப்போது, கூட யார், யாரைக் கொன்றாய், உடலை எங்கே போட்டாய். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் ஒப்புதல் முழுமையாகாது. அதோடு எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இந்தப் பிரிவுக்காகவே கச்சாச்சாவை நான் மதிக்கிறேன். கணவனின் எலும்பைத் தேடி ஒரு பெண் பத்து வருஷமாகக் காத்திருக்கிறாள் என்றால், அவளுக்குக் குற்றவாளியின் 12 வருஷமும் 25 வருஷமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தக் கழிவறைக் குழியில், அந்த வாழைத்தோப்பின் ஓரத்தில் என்று அவன் கை காட்டுவது வேறு. தோண்டி எடுத்து, கழுவி, பெயர் சொல்லிப் புதைக்கலாம். அருஷாவின் எந்தத் தீர்ப்பும் இதைச் செய்ததில்லை. செய்ய அதற்குக் கட்டளையும் இருக்கவில்லை.

இதனால் கச்சாச்சாவின் குறைகளை மறைக்க மாட்டேன், அவை பெரியவை. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் கிடையாது. நிலத் தகராறு, குடும்பப் பகை எல்லாம் இனப்படுகொலைப் புகாராக வந்தன. நீதிபதிகளில் லஞ்சம் வாங்கியவர்கள் இருந்தார்கள், அவர்களில் சிலர் மீதே கொலைக்குற்றமும் இருந்தது. சாட்சி சொன்னவர்கள் கொல்லப்பட்டார்கள். வென்ற படையான ருவாண்டா தேசபக்த முன்னணியின் வீரர்கள் செய்த கொலைகளை இந்த மன்றங்கள் தொடவே முடியாதபடி சட்டம் திருத்தப்பட்டது. அந்த வகையில் இழந்தவர்களுக்கு மரத்தடியில் இடமே இல்லை. 2008க்குப் பிறகு வன்புணர்வு வழக்குகளையும் இங்கேயே அனுப்பினார்கள். மூடிய அறை என்றாலும் சின்ன ஊரில் எது மூடிய அறை? உள்ளே போகிறவளை ஊர் பார்க்கத்தானே செய்யும். அந்த வழக்குகளை அருஷா போன்ற இடத்தில், முகம் மறைத்து, பெயருக்குப் பதில் இரண்டு எழுத்து வைத்து நடத்துவதே சரி.

ஆகவே, நாளை இப்படி ஒரு முடிவை எடுக்க வேண்டிய இடத்தில் ஒரு நாடு நின்றால், நான் சொல்வது இதுதான். மரண தண்டனையை முதல் நாளே விட்டுவிடுங்கள். அதனால் வெளியே ஓடியவர்கள் கைக்கு வருவார்கள். திட்டமிட்டவர்களையும் பாலியல் வன்முறை வழக்குகளையும் முழு விதிகளோடு, வக்கீலோடு, சாட்சிப் பாதுகாப்போடு நடக்கும் நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள். அங்கே ஆயுள் இருக்கட்டும், ஆனால் விடுதலை நாளை ஒருவர் கையெழுத்தில் விடாதீர்கள்; பிழைத்தவர்களைக் கேட்காமல் எவரும் வெளியே வரக்கூடாது என்று சட்டத்தில் எழுதுங்கள். கை வைத்த ஆயிரக்கணக்கானவர்களை ஊரிலேயே விசாரியுங்கள், வக்கீல் கொடுங்கள், வென்றவன் தோற்றவன் இருவர் குற்றத்தையும் எடுங்கள். சலுகையின் அளவை முன்கூட்டியே எழுதுங்கள். உடல் எங்கே என்று சொல்லாதவனுக்கு ஒரு நாள் கூடக் குறைக்காதீர்கள்.

கடைசியாகச் சொன்னதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2018 ஏப்ரலில் கிகாலியின் கசாபோ மாவட்டத்தில், வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் அடியில் பெரிய புதைகுழிகள் வெளிப்பட்டன. 24 வருஷமாக மக்கள் அதன்மேல் சமைத்தார்கள், விதைத்தார்கள். தெரிந்தவர்கள் இருந்தார்கள், சொல்லவில்லை. கச்சாச்சா வந்து போயிருந்தது, அருஷாத் தீர்ப்பாயம் மூடியிருந்தது. தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் அங்கிருந்து எடுத்த 80,000க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்களை நியான்சா நினைவிடத்தில் அடக்கம் செய்தார்கள். 2023 இறுதியில் தெற்கே ஹுயே மாவட்டத்தில் ஒரு வீட்டைக் கட்டத் தோண்டியபோது மறுபடி எலும்புகள். குழியின் ஓரத்தில் பெண்கள் உட்கார்ந்து, மண்ணிலிருந்து வந்த துணிகளைக் கழுவிக் காயவைத்தார்கள். நிறம் போன ஒரு சட்டையையோ பாவாடையையோ பார்த்து யாராவது அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்களா என்று.